எங்க ஆத்தாவுக்கு அஞ்சு வினாடி

எங்க அப்பத்தா செத்தது 2003-இல். பதினாறாம் நாள் விசேசத்துக்கு மாலை போட ஒரு படம் வேணும். வீடு முழுக்கத் தேடியும் கிடைத்தது வாக்காளர் அடையாள அட்டை ஒன்றுதான். எழுபது வருசத்துக்கு மேலே வாழ்ந்த மனுசியை ஒரே ஒரு தடவைதான் யாரோ படம் பிடித்திருக்கிறார்கள், அதுவும் ஓட்டுக்காக. அட்டையில் இருந்தது ஒரு கரிய வட்டம், அதற்குள் இரண்டு வெள்ளைப் புள்ளி. அவ்வளவுதான். டவுனில் ஒரு ஸ்டுடியோவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். "மூஞ்சியே விழலையேண்ணே, கொஞ்சம் வெளுத்துத் தர்றேன்" என்றார் அங்கிருந்தவர். மூன்று நாள் கழித்து வந்த படத்தில் ஒரு செவத்த கிழவி இருந்தாள். மூக்கு வேறு, உதடு வேறு. எங்க ஆத்தா அதைப் பார்த்துவிட்டு, "இது யாரு வீட்டுக் கிழவிப்பு?" என்று கேட்டது. அந்த யாரோ வீட்டுக் கிழவிக்குத்தான் நாங்கள் மாலை போட்டோம். இன்னமும் சுவரில் அதுதான் தொங்குகிறது.

மூஞ்சி விழவில்லை என்று அவர் சொன்னது பொய் இல்லை. ஏன் விழவில்லை என்பதைத்தான் அவரும் கேட்கவில்லை, நானும் அன்றைக்குக் கேட்கவில்லை. கருப்பு என்றால் படத்தில் விழாது, அது இயற்கை என்று இரண்டு பேருமே நம்பினோம். அது இயற்கை இல்லை என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. இதில் பிலிம், ரசாயனம், வினாடிக் கணக்கெல்லாம் வரும். தலித் பத்திரிகையில் இதுக்கு என்ன வேலை என்று முகம் சுளிக்கும் தோழர்கள் கடைசிவரை படித்துவிட்டுத் திட்டட்டும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெரியபட்டினத்துக்குப் பக்கத்துக் காலனிக்காரன். ஆத்தாவும் அய்யாவும் சீமைக்கருவேலம் வெட்டி கரிமூட்டம் போட்டவர்கள். நான் பத்தாவது முடித்ததும் சிவகாசிக்குப் போய் ஆப்செட் அச்சகத்தில் டார்க்ரூம் ஆளாகச் சேர்ந்தேன். நாட்காட்டிச் சாமி படம், பட்டாசு லேபிள், தீப்பெட்டி லேபிள் எல்லாம் அப்போது லித் பிலிம் வழியாகத்தான் பிளேட்டுக்குப் போகும். இன்னொன்றும் போனது. தொண்ணூறுகளில் வந்த நம்முடைய சிறுபத்திரிகைகள் பலவற்றின் அட்டைப்படமும் இந்தமாதிரி பிலிமைத் தாண்டித்தான் உங்கள் கைக்கு வந்தது. பிறகு கம்ப்யூட்டரிலிருந்து நேரே பிளேட் என்று வந்தது. 2006-இல் எங்கள் டார்க்ரூமைப் பூட்டினார்கள். கணக்கு முடித்து அனுப்பும்போது, குப்பைக்குப் போகவிருந்த லித் பிலிம் பாக்கெட் நாலைந்தை என்னிடம் தூக்கிக் கொடுத்தார்கள். அது தகரப்பெட்டியில் பதினைந்து வருசத்துக்கு மேல் கிடந்தது.

லித் பிலிம் என்பது தகடு தகடாக வரும் பிலிம். மகா மந்தம். சாதாரணக் கேமராவில் போட்ட பிலிம் ஐ.எஸ்.ஓ. 100 என்றால் இது 6-ஐத் தாண்டாது. பதினாறு மடங்குக்கு மேல் வெளிச்சம் கேட்கும். மந்தமாக இருப்பதில் ஒரு லாபமும் உண்டு. வேகமான பிலிம் பழசானால் புகைமூட்டம் போட்டுக் கெட்டுவிடும், இது கெடாமல் கிடக்கும். அடுத்தது, இதற்குச் சிவப்புக் கண் தெரியாது. நீலத்தையும் பச்சையையும்தான் பார்க்கும். அதனால் சிவப்பு விளக்கை எரியவிட்டே வெட்டலாம், கழுவலாம். ஆனால் அந்தக் குருட்டுத்தனம்தான் நமக்கு எமன். நம்முடைய தோல் திருப்பி அனுப்பும் வெளிச்சத்தில் சிவப்பு அதிகம், நீலம் குறைச்சல். சிவப்பைப் பார்க்காத பிலிமில் பழுப்புத் தோல் இருக்கிறதைவிடக் கருத்துத்தான் விழும். சாமானைக் குற்றம் சொல்லவில்லை. லித் பிலிமை அச்செழுத்துக்காகச் செய்தார்கள், மனுச மூஞ்சிக்காக இல்லை. நான் கேட்கிறது, மனுச மூஞ்சிக்காகவே செய்த பிலிம்கள் யார் மூஞ்சியை நினைத்துச் செய்யப்பட்டன என்பது.

கோடாக் கம்பெனி 1950-களிலிருந்து ஸ்டுடியோக்களுக்கும் லேப்களுக்கும் ஒரு மாதிரிப் படம் அனுப்பியது. அதன் பெயரே ஷெர்லி அட்டை. ஷெர்லி ஒரு வெள்ளைக்காரப் பெண். அவள் தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்று அர்த்தம். கருப்புப் பிள்ளைகளின் தாய்மார்கள் பள்ளிக்கூடப் படங்களைப் பார்த்துப் புகார் சொன்னார்கள். அதற்கு அசையாத கம்பெனி, எங்கள் சாக்லேட்டின் பழுப்பு சரியாக விழவில்லை, எங்கள் மரச்சாமானின் பழுப்பு விழவில்லை என்று வியாபாரிகள் சொன்னபோதுதான் 1970-களில் பழுப்பு நிறத்தின் மேல் அக்கறை காட்டியது. இதை ஆராய்ந்து எழுதியவர் கனடாவைச் சேர்ந்த லோர்னா ராத். மனுசத் தோலுக்காகத் திறக்காத கதவு சாக்லேட்டுக்காகத் திறந்தது. கூகுள் தன் போன் கேமராவில் கருத்த தோலுக்கென்று தனியாகத் திருத்தம் செய்து விளம்பரப்படுத்தியது 2021-இல். அப்படியானால் அதுவரை எதைச் சரி என்று விற்றுக்கொண்டிருந்தார்கள்?

போலராய்டின் கதை இன்னும் மோசம். அவர்களுடைய அடையாள அட்டைக் கேமராவில் பளிச்சொளியைக் கூட்ட ஒரு பொத்தான் இருந்தது. கருத்த முகமும் விழ வேண்டும் என்ற கருணையினால் அல்ல. தென்னாப்பிரிக்க நிறவெறி அரசு கருப்பர்கள் கழுத்தில் கட்டிய பாஸ் புத்தகத்துக்குப் போலராய்டு படம் பயன்பட்டது. கரோலின் ஹண்டர், கென் வில்லியம்ஸ் என்ற இரண்டு கருப்புத் தொழிலாளர்கள் அந்தக் கம்பெனிக்குள்ளேயே இதைக் கண்டுபிடித்து 1970-இல் கலகம் செய்தார்கள். ஏழு வருசம் போராட்டம் நடந்து 1977-இல் போலராய்டு தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியது. ஆக, எஜமானுக்குத் தேவை வந்தால் கருப்பு நன்றாகவே விழும். நம்மைக் கண்காணிக்க வேண்டுமானால் மூஞ்சி தெரியும், மாலை போட வேண்டுமானால் தெரியாது.

வெள்ளைக்காரன் கதை எதற்கு, நம்மூர்க் கதைக்கு வருவோம். 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்கிற கும்பெனிப் படை அதிகாரி மதுரைக் கோயிலைப் படம் பிடித்தான். மெழுகு ஏற்றிய காகித நெகடிவ், என் லித் பிலிமைவிட மந்தம். 1867-68-இல் லயன் என்கிற இன்னொரு அதிகாரி சென்னை அரசாங்கத்துக்காகச் சுற்றி, ராமேசுவரம் கோயிலின் நெடும்பிரகாரத்தைப் படம் பிடித்தான். அருமையான படங்கள், மறுக்கவில்லை. கலை ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள். நான் அந்தப் படங்களில் ஒரு தேதியைப் பார்க்கிறேன். நம் ஆட்கள் மதுரைக் கோயிலுக்குள் நுழைந்தது 1939 ஜூலை 8. டிரைப்பின் மூன்றுகால் கேமரா நுழைந்து 81 வருசம் கழித்து. கடல் தாண்டி வந்த மரப்பெட்டிக்குத் தீட்டு இல்லை, அந்தக் கல்லைச் சுமந்தவன் பேரனுக்குத் தீட்டு.

நம்மையும் படம் பிடித்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. எட்கர் தர்ஸ்டன் படம் பிடித்தார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். நம்ம கடற்கரைக்கும் வந்தவர்தான். ராமேசுவரம் தீவையும் மன்னார் வளைகுடாவின் சங்கு, முத்து, மீன் வகைகளையும் பற்றி எழுதியிருக்கிறார். அதே ஆள்தான் இடுக்கியை வைத்து நம் பாட்டன்மாரின் மூக்கை அளந்தார், தலையை அளந்தார். ரங்காச்சாரியின் துணையோடு 1909-இல் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் அடுக்கினார். கடலட்டையை வகைப்படுத்திய கை, மனுசனையும் வகைப்படுத்தியது. அந்தமாதிரிப் படங்களுக்குக் கீழே ஆளின் பெயர் இருக்காது, சாதியின் பெயர்தான் இருக்கும். 

தர்ஸ்டன் போய்விட்டார் என்றா நினைக்கிறீர்கள்? நாளிதழைப் புரட்டிப் பாருங்கள். மலக்குழியில் இறங்கியவர், எரிந்த குடிசை முன்னால் அழுகிற பெண், ரத்தம் உறைந்த சட்டை. 2011 செப்டம்பர் 11-இல் பரமக்குடியில் போலீஸ் சுட்டபோது நம் பிள்ளைகள் அச்சில் வந்தது அடிபட்ட உடலாகத்தான். அந்தப் படங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவை சாட்சி. சாட்சி இல்லாவிட்டால் நடந்ததே இல்லை என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் ஒரு சனத்துக்குச் சாட்சிப் படம் மட்டும்தான் உண்டு, சுவரில் மாட்டுகிற படம் கிடையாது என்றால் அது என்ன நியாயம்? செத்தால்தான் நம்மேல் வெளிச்சம் விழுமா?

தொண்ணூறுகளில் நாம் ஒரு கேள்வி கேட்டோம். நம்மைப் பற்றி யார் எழுதுவது? பாமாவின் கருக்கு 1992-இல் வந்தபிறகு அந்தக் கேள்வியை ஒருத்தரும் ஒதுக்க முடியவில்லை. எத்தனை கூட்டம், எத்தனை சண்டை, எத்தனை சிறப்பிதழ். ஆனால் நம்மை யார் படம் பிடிப்பது, எப்படிப் பிடிப்பது, யார் முடிவு செய்வது என்று அதே சூட்டோடு கேட்டோமா? அட்டையில் போட்ட படத்தில் இருந்த கிழவிக்கு என்ன பெயர் என்று எந்த இதழிலாவது கேட்டோமா? நானே டார்க்ரூமில் நின்று அந்தமாதிரி முகங்களைப் புள்ளி புள்ளியாக மாற்றி அனுப்பியவன். எனக்கும் கேட்கத் தோணலை. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து தப்பி வந்த பிரெடெரிக் டக்ளஸ் இதை நம்மைவிட நன்றாகப் புரிந்துவைத்திருந்தார். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் மிக அதிகமாகப் படம் எடுத்துக்கொண்ட ஆள் அவர்தான். நூற்றி அறுபதுக்கும் மேற்பட்ட படங்கள் கிடைத்திருக்கின்றன. அது ஆசைக்காக இல்லை. கேலிச் சித்திரமாகவே காட்டப்பட்ட ஒரு இனத்தின் முகத்தை அவர் தன் முகத்தால் திருத்திக்கொண்டிருந்தார்.

இப்போது ஆத்தா கதை. அதுக்கு வயசு எழுபதைத் தாண்டிவிட்டது. அடுத்த மாலை போடும் படத்தையும் வெளுக்கக் கொடுக்க எனக்கு மனசில்லை. ஒரு பழைய ஸ்டுடியோவை மூடும்போது ஆலப்புழையில் செய்த வாகீஸ்வரி மரக்கேமரா ஒன்றை விலைக்கு வாங்கினேன். தேக்கில் செய்தது, துருத்தி கிழிந்திருந்தது, ஒட்டினேன். தகரப்பெட்டியிலிருந்து லித் பிலிமை எடுத்து, சைக்கிள் பின்விளக்கின் சிவப்பு வெளிச்சத்தில் அளவுக்கு வெட்டினேன். தொகுப்பு வீட்டின் உள்ரூமில் ஜன்னலுக்குத் தார்ப்பாயும் சாக்கும் அடைத்தேன். டெவலப்பர் நானே கலக்கியது. டி-23 என்று பெயர். ஒரு லிட்டர் தண்ணீருக்கு மெட்டால் ஏழரை கிராம், சோடியம் சல்பைட் நூறு கிராம், வேறொன்றும் இல்லை. மெட்டால் சிலருக்குத் தோலை அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

காலை எட்டு மணி, ஓலைப்பந்தல் நிழல். அய்யா செத்ததிலிருந்து ஆத்தாவுக்கு வெள்ளைச் சேலைதான். "எதுக்குப்பு என் கருத்த மூஞ்சியப் புடிச்சுக்கிட்டு" என்று சொல்லிக்கொண்டேதான் உட்கார்ந்தது. வெளிச்சமானியில் ஐ.எஸ்.ஓ. 6 வைத்துப் பார்த்தேன். எஃப்-16 துளைக்கு ஒரு வினாடி என்றது. லென்சு மூடியைத் திறந்து ஒன்று எண்ணி மூடினேன். கழுவிப் பார்த்தால் சேலை மடிப்பு மடிப்பாக அற்புதமாக விழுந்திருந்தது. முகம் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. வாக்காளர் அட்டையின் அதே கரிய வட்டம். மானி சொன்னபடிதானே செய்தேன்? மானி உலகத்தை எல்லாம் நடுச்சாம்பலாகப் பார்க்கப் பழக்கப்பட்டது. சிவப்பும் அதற்குத் தெரியும், பிலிமுக்குத் தெரியாது. பந்தலில் வெள்ளைச் சேலையைப் பார்த்து, போதும் என்று சொல்லிவிட்டது. முகத்தைக் கேட்கவே இல்லை.

இரண்டு வினாடி கொடுத்தேன். நெற்றியும் மூக்கு நுனியும் வந்தது. நாலு வினாடி கொடுத்தேன். இந்தப் பிலிமுக்கு நேரம் நீள நீளச் சோம்பலும் கூடும், அதுக்காக ஒன்று சேர்த்து அஞ்சு வினாடி. முகம் வந்தது. கன்னத்துச் சுருக்கம், கரிமூட்டத்தில் பொறி பட்ட தழும்பு, எல்லாம் வந்தது. ஆனால் சேலை சுண்ணாம்புச் சுவராகிவிட்டது. இங்கேதான் பழக்கப்பட்டவர்கள் சொல்வார்கள், பார்த்தாயா, கருப்புக்குக் கொடுக்கப் போனால் வெள்ளை கெட்டுவிடும் என்று. கெடாது. கெடுத்தது வெளிச்சம் இல்லை, கழுவிய முறை. டெவலப்பரில் ஒரு பங்கு எடுத்து நாலு பங்கு தண்ணீர் சேர்த்தேன். ஒரு நிமிசம் அதில் முக்கி, பிறகு வெறும் தண்ணீர்த் தட்டில் ஆட்டாமல் இரண்டு நிமிசம் விட்டேன். வெள்ளை இருக்கும் இடம் தான் குடித்த மருந்தைச் சீக்கிரம் தீர்த்துவிட்டு நின்றுவிடும். நிழல் இருக்கும் இடம் மெதுவாகக் குடித்து மேலே வரும். இப்படி மாற்றி மாற்றி.

சித்திரை வெயிலில் எங்க ஊர்த் தண்ணீர் முப்பது டிகிரிக்கு மேல் கொதிக்கும். இந்த வேலைக்கு இருபது டிகிரி வேணும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள், எழுதியவன் ஊரில் அது குழாயிலேயே வரும் போல. ராத்திரி வேலையாக்கி, பெரிய தட்டில் மீன் ஐஸ் போட்டு அதன் மேல் டிரேயை வைத்தேன். கடைசியில் ஹைப்போ போக அலசுவதற்குத் தண்ணீர் நிறைய வேணும். சின்ன வயசில் அடுத்தவர் கிணற்றடியில் அவர்கள் ஊற்றுகிற வரைக்கும் குடத்தோடு நின்ற சனம் நாங்கள். கடற்கரை மணலில் ஊத்துத் தோண்டிச் சிரட்டையால் மொண்ட தண்ணீரில் சோறாக்கியவர்கள். குழாயில் எப்போதாவது வருகிற காவிரித் தண்ணியைப் படம் கழுவ ஊற்ற மனசு வருமா? கடல் தண்ணீரைப் பயன்படுத்தினேன். இது பைத்தியக்காரத்தனம் இல்லை. உப்புத்தண்ணீர் ஹைப்போவை நல்ல தண்ணீரைவிடச் சீக்கிரம் வெளியேற்றும். இரண்டாம் உலகப்போரின்போது கப்பற்படைக்காரர்கள் கண்ட உண்மை. கடைசியில் உப்புப் போக ஒரு குடம் நல்ல தண்ணீர் போதும். கடலுக்கு மட்டும் நாங்கள் யாரிடமும் கேட்டு நிற்க வேண்டியதில்லை.

ஆறாவது தகட்டில் ஆத்தா இருமிவிட்டது, ஆட்டம் கண்டுவிட்டது. ஏழாவதை ராத்திரி கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றுகொண்டது. சிவப்பு வெளிச்சத்தில் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தது. நான் இன்னும் ஒரு தடவை மருந்தில் முக்கலாம் என்று கையை எடுத்தபோது, "போதும்ப்பு, எடுத்துரு. மூட்டத்துல புகை நீலமாயிருச்சுன்னா மண்ணை மூடிரணும், மிஞ்சினா சாம்பல்தான்" என்றது. எடுத்தேன். அதுதான் சரியான தகடு. நாற்பது வருசம் கரி வெந்த பதம் பார்த்த கண்ணுக்கு வெள்ளியின் பதம் தெரியாதா? 

இட ஒதுக்கீட்டை எதிர்க்கும் தகுதிக்காரர்களுக்கு இதைச் சொல்ல ஆசைப்படுகிறேன். எல்லாருக்கும் ஒரே வினாடி என்பதுதான் சமத்துவம் என்று நீங்கள் சொல்கிறீர்கள். அந்த ஒரு வினாடியை நிர்ணயித்த மானி எதைப் பார்த்துப் பழகியது என்று கேட்டால் கோபம் வருகிறது. ஒரு வினாடியில் விழாத முகத்தைப் பார்த்து, இதற்கு முகமே இல்லை, தகுதியே இல்லை என்கிறீர்கள். எங்க ஆத்தாவுக்கு முகம் இருந்தது. அஞ்சு வினாடி இல்லாமல் இருந்தது. அஞ்சு வினாடி கொடுத்த தகட்டில் உங்கள் வெள்ளையும் கெடவில்லை, மடிப்பு மடிப்பாக அப்படியே இருக்கிறது. வேணுமானால் வந்து பாருங்கள்.

நம் பக்கத்துத் தோழர்களும் இரண்டு கேள்வி கேட்பார்கள். கையில் போன் இருக்க இந்தக் கிழட்டு வேலை எதுக்கு? எடுங்கள், போனிலேயே எடுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் போன் உங்களைக் கேட்காமலே தோலை வழித்து வெளுத்துக் கொடுக்கிறதே, அதை எத்தனை பேர் அணைத்து வைத்திருக்கிறீர்கள்? ஸ்டுடியோக்காரர் மூன்று நாளில் செய்ததை அது கண் இமைக்கும் முன்னே செய்கிறது. மந்தமான பிலிமில் நான் கற்றது இன்னொன்று. அதை வைத்து யாரையும் திருட்டுத்தனமாகப் படம் பிடிக்க முடியாது. உட்காருகிற ஆள் சம்மதிக்கணும், அஞ்சு வினாடி அசையாமல் இருந்து ஒத்துழைக்கணும். நம் தெருவுக்குள் வண்டியை விட்டு இறங்காமலே படம் பிடித்துக்கொண்டு போனவர்களைப் பார்த்த எனக்கு இது பெரிய விசயம்.

அடுத்த கேள்வி, நிலம் இல்லை, வேலை இல்லை, இதில் போட்டோ ஒரு பிரச்சினையா? நிலமும் வேணும், படமும் வேணும். பசித்தவனுக்கு முகம் வேண்டாம் என்று யார் சொன்னது? ஊட்டியில் அரசாங்கமே 1960-இல் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆரம்பித்தது. 1967-லிருந்து இந்து என்ற பெயரில் பிலிம் வந்தது. எக்ஸ்ரே பிலிமும் அங்கே செய்தார்கள். நம் மார்புக்கூட்டைப் படம் பிடிக்க அரசாங்கம் பிலிம் செய்தது. அந்த ஆலையும் நலிந்து மூடப்பட்டுவிட்டது. இப்போது பிலிம் என்றால் வெளிநாட்டு விலைதான், எனக்குத் தெரியும். அதனால்தான் குப்பைக்குப் போகும் பாக்கெட்டுகளைத் தேடச் சொல்கிறேன்.

நான் கேட்பது அதிகமில்லை. நம் இதழ்களில் இனிமேல் படம் போட்டால், படத்தில் இருப்பவர் பெயரைப் போடுங்கள், எடுத்தவர் பெயருக்கு முன்னால் போடுங்கள். அவர் சம்மதித்தாரா என்று கேளுங்கள். மலக்குழிச் சாவுகளைப் பதிவுசெய்த கக்கூஸ் (2017) படத்துக்குக் கேமரா பிடித்த பழனிக்குமார், கடற்பாசி எடுக்கிற பெண்களைப் படம் பிடிக்க நம்ம கடற்கரைக்கும் வந்து அவர்களோடு தண்ணீருக்குள் இறங்கினார். அப்படி இறங்கி எடுக்கிறவர்கள் இப்போது இருக்கிறார்கள், அவர்களிடம் பிள்ளைகளை அனுப்புங்கள். காலனிக்கு ஒரு பையனாவது பொண்ணாவது இந்தக் கணக்கைக் கற்றுக்கொள்ளட்டும். கிழவன் கிழவிகள் உயிரோடு இருக்கும்போதே ஒரு படம் எடுத்து, அவர்கள் கையிலேயே கொடுக்கட்டும். சொல்லித்தர நான் இருக்கிறேன். கடல் இருக்கிறது. தகடு இன்னும் இரண்டு பாக்கெட் மிச்சம் இருக்கிறது.

ஆத்தாவிடம் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தது. "எங்க மாமியா மாதிரியே இருக்கேன்ப்பு" என்றது. அப்பத்தாவைத்தான் சொன்னது. அப்பத்தாவின் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் மறுபடி ஞாபகம் வந்தது.